புதுப்பிப்பு: ஒரே லென்ஸோடு பூங்காவில் ஒரு நாள்

விடுமுறைக்கு வந்த ஊரின் பெரிய பூங்காவுக்கு ஒரே நாள்தான் ஒதுக்க முடியும், எந்த லென்ஸை எடுத்துப் போவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். "35 மி.மீ. ஒன்று போதும்" என்றவர்கள் பேச்சைக் கேட்டேன். அது தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுக்காத லென்ஸ். போய்விட்டு வந்தாயிற்று.

முதல் அரை மணி நேரம் வீண். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததுமே லென்ஸ் முழுக்க ஆவி. துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. கேமரா வெளிச்சூட்டுக்குப் பழகும்வரை பையை மூடியே வைத்திருக்க வேண்டும். எனக்கோ பொறுமை இல்லை.

அப்புறம் குளம். லென்ஸ் முன்னால் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடியான போலரைசரை மெல்லத் திருப்பியபோது நீர்மேல் இருந்த வானத்தின் பளபளப்பு விலகி, அல்லித்தண்டு சேற்றுக்குள் இறங்குவது வரை தெரிந்தது. ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறைந்ததால் (அதாவது கால் பங்குதான் மிச்சம்) ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 400க்கு ஏற்றினேன். ஒரு மணி நேரம் அங்கேயே மண்டியிட்டுக் கிடந்தேன்.

உச்சி வெயிலில் எடுத்தவை தேறவில்லை. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்தது. 35இல் அது வெறும் கரும்புள்ளி. சரி, தூரத்தைக் கிட்ட இழுக்கும் நீளமான லென்ஸை எடுத்துப் போகச் சொன்னவர்களும் தோற்கவில்லை. 214 படங்களில் 9 மிஞ்சின. அதில் 7 குளத்தில் எடுத்தவை.