நிலைத்த வங்கியியல் கேஸ் போட்டி: ஆறு யோசனையில் எதை வைப்பது, எதை விடுவது?

பசுங்கிளை:
வணக்கம். ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கொடுத்துத் தீர்வு கேட்கும் கேஸ் போட்டிக்கு நாங்கள் நான்கு பேர் அணி. கேஸில் வருவது ஒரு நடுத்தர வங்கி. கடன்களில் பெரும்பகுதி சிமென்ட், அனல் மின்சாரம், ஜவுளி. கார்பனைக் குறைக்கணும், லாபமும் விழக்கூடாது. ஏழு நாள், 12 ஸ்லைடு, 15 நிமிடப் பேச்சு, 10 நிமிடக் கேள்வி-பதில். இதுவரை தேறியவை: கிளைகளில் சோலார், காகிதமில்லாக் கணக்கு, பசுமை வைப்பு நிதி, மின்வாகனக் கடன், பசுமைப் பத்திரம், கார்பன் காட்டும் செயலி. எல்லாமே நல்லதாகத்தான் படுகிறது. எதை வெட்டுவது?

கடன்மேசை:
முதலில் சோலாரையும் காகிதத்தையும் வெட்டுங்கள். வங்கியின் உமிழ்வு அதன் கட்டடத்தில் இல்லை, அது கொடுத்த கடனில் இருக்கிறது. ஸ்கோப் 3-இல் (நிறுவனம் நேரடியாக வெளியிடாமல், அதன் தொழில் தொடர்புகளால் வரும் உமிழ்வு) 15வது வகை அதுதான்.

கணக்கிட பிகாஃப் (PCAF, கடனால் வரும் உமிழ்வைக் கணக்கிடும் சர்வதேச முறை) போதும். பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனம் என்றால், நிலுவைக் கடனை நிறுவனத்தின் மொத்த பங்கு மூலதனம் + கடனால் வகுத்து, வரும் விகிதத்தை அதன் ஆண்டு உமிழ்வால் பெருக்குங்கள். கடன் 20 கோடி, மொத்தம் 100 கோடி, உமிழ்வு 50,000 டன் என்றால் வங்கியின் பங்கு 10,000 டன். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால், வகுக்கும் எண்ணில் பங்கு மூலதனத்துக்குப் பதில் பங்குகளின் சந்தை மதிப்பு வரும். இங்கேதான் பல அணிகள் வழுக்குகின்றன: பங்கு விலை ஏறினால், புகைபோக்கியில் ஒரு மாற்றமும் இல்லாமலே வங்கியின் டன் குறைந்துவிடும். நடுவர் கேட்பார். அதனால் மொத்த டன்னோடு, ஒரு டன் சிமென்டுக்கு எவ்வளவு கார்பன் என்ற அளவையும் சேர்த்துக் காட்டுங்கள். தரவின் தர மதிப்பெண்ணையும் (1 சிறந்தது, 5 மோசமானது) ஓரத்தில் போடுங்கள். துறைச் சராசரியை வைத்துப் போட்ட எண்ணை அளந்த எண் போலக் காட்டினால் நம்பிக்கை போய்விடும்.

இன்னொன்று. சிமென்ட் ஆலைக்கு சோலார் கடன் என்று எழுதிவிடாதீர்கள். அதன் கார்பனில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வெளியேறுவது. கிளிங்கர் (சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு வரும் கட்டி, இதை அரைத்தால்தான் சிமென்ட்) அளவைக் குறைத்து சாம்பல், கசடு கலக்கும் கருவிகளுக்குக் கடன் என்றால் அர்த்தம் உண்டு.

மூலதனம்_10.5:
மேலே சொன்னது சரி, ஆனால் அது பாதிதான். 'பசுமைக் கடனுக்கு வட்டித் தள்ளுபடி' என்று எல்லா அணியும் எழுதும். போட்டுப் பாருங்கள்:

வட்டி மார்ஜின் (வங்கி வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளி) 2%, செலவு 0.6%. கடன் வாராமல் போகும் வாய்ப்பு 0.5%, போனால் நஷ்டம் 45%. ஆக எதிர்பார்க்கும் இழப்பு 0.225%. மிச்சம் 1.175%. இடர் எடை (கடனில் எத்தனை சதவீதத்தை ஆபத்தானதாகக் கணக்கில் எடுப்பது) 100%, அதற்கு வங்கி வைக்கவேண்டிய சொந்த மூலதனம் 10.5% (வங்கிகளுக்கான சர்வதேச விதி பாசல் 3-இன் 8% + 2.5% பாதுகாப்பு இருப்பு) என்றால், மிச்சத்தை மூலதனத்தால் வகுத்து வரும் வரிக்கு முன் மூலதன வருமானம் 11.2%. வட்டியில் 0.25% தள்ளுபடி கொடுத்தால் 8.8%-க்கு இறங்கிவிடும்.

'பசுமை நிறுவனம் கடனை ஒழுங்காகக் கட்டும்' என்பார்கள். வாராக்கடனே இல்லை என்று வைத்தாலும் இழப்பில் மிச்சமாவது 0.225%தான், 0.25% தள்ளுபடிக்கே பத்தாது. பசுமை என்ற ஒரே காரணத்துக்காக பாசல் விதி இடர் எடையைக் குறைப்பதும் இல்லை.

எடுபடும் வழி உத்தரவாதம். பூஜ்ஜிய இடர் எடை உள்ள பன்னாட்டு வளர்ச்சி வங்கி கடனில் பாதிக்குப் பொறுப்பேற்றால் மூலதனம் 5.25%, இழப்பு 0.1125%. உத்தரவாதக் கட்டணம் கடனில் 0.3% என்று அனுமானித்து, தள்ளுபடியையும் கழித்தால் மிச்சம் 0.7375%. வருமானம் 14%. கட்டணம் உங்கள் அனுமானம், அதை 0.6% வரை ஏற்றி ஒரு அட்டவணை வையுங்கள்.

பசுங்கிளை:
இலக்கை எட்டினால் வட்டி குறையும் வகைக் கடன் சரிவருமா? அனல் மின் கடன்களை விற்றுவிடலாமா?

கடன்மேசை:
அந்த வகையில் வட்டி மாற்றம் பெரும்பாலும் சில பேசிஸ் பாயின்ட்தான் (ஒரு பாயின்ட் 0.01%). 100 கோடிக்கு 5 பாயின்ட் என்றால் ஆண்டுக்கு 5 லட்சம். அளவீடு, தணிக்கைச் செலவே அதைத் தின்றுவிடலாம். வைப்பதானால், இலக்கு தவறினால் வட்டி ஏறும்படியும் வையுங்கள். இலக்கு, நிறுவனம் எப்படியும் செய்யப்போவதாக இருக்கக் கூடாது.

கடனை விற்றால் வங்கியின் கணக்கில் மட்டும் குறையும், ஆலை ஓடிக்கொண்டே இருக்கும். புதுக் கடன் நிறுத்தம், பழையதற்கு ஆலை மூடும் தேதியோடு இணைந்த தவணை அட்டவணை, இது வலுவான பதில்.

மூலதனம்_10.5:
வேலைப் பிரிப்பு: ஒருவர் உமிழ்வு, ஒருவர் வருமான மாடல், ஒருவர் வாடிக்கையாளர் பக்கம், ஒருவர் ஸ்லைடும் எதிர்க்கேள்வியும். மூன்றாம் நாள் மாலைக்குள் பரிந்துரை உறுதியாகணும். அதற்குப் பிறகு புது யோசனைக்கு இடம் தராதீர்கள். பரிந்துரையும் இரண்டு எண்களும் (எத்தனை டன், எத்தனை சதவீத வருமானம்) முதல் ஸ்லைடிலேயே வரட்டும். செயலியை விட்டுவிடுங்கள், மின்வாகனக் கடன் பின்னிணைப்புக்குப் போகட்டும். பின்னிணைப்பை அனுமதிக்கிறார்களா என்று விதிமுறையில் பாருங்கள். உண்டென்றால் அனுமானப் பட்டியல், உத்தரவாதக் கட்டண அட்டவணை, வாராக்கடன் இரட்டிப்பானால் வருமானம் என்ன என்ற கணக்கு, மூன்றும் அங்கே தயாராக இருக்கட்டும். மாடலைப் போட்டவரே அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்.