வீட்டு நெட், ஆபீஸ் நெட்: ஒரே லேப்டாப்பில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களின் அனுபவங்கள்

ஒரே லேப்டாப்பை ஆபீசிலும் வீட்டிலும் வைத்து வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரிந்திருக்கும். எங்கள் ஆபீசில் ஒவ்வொரு கணினிக்கும் ஸ்டேட்டிக் ஐபி (மாறாத நெட்வொர்க் முகவரி எண்) கொடுத்திருக்கிறார்கள். கூடவே சப்நெட் மாஸ்க் (நெட்வொர்க்கின் எல்லையைச் சொல்லும் எண்), கேட்வே (வெளியே போகும் வாசலின் எண்), இரண்டு டிஎன்எஸ் எண்கள் (வெப்சைட் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்களுடையவை). வெளியே இணையத்துக்குப் போக ப்ராக்ஸி என்ற இடைச் சர்வர் வேறு. வீட்டிலோ ரூட்டரே எல்லாவற்றையும் கொடுத்துவிடும், நாம் எதையும் நிரப்பக் கூடாது. காலையில் நிரப்பு, மாலையில் அழி என்று எத்தனை நாள் ஓட்டுவது? எனக்குக் கைகொடுத்த வழியை எழுதுகிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

விண்டோஸில் நெட்ஷ் (netsh) என்று ஒரு கட்டளை இருக்கிறது. அடாப்டரின் (நெட்வொர்க் கார்டின்) பெயரைச் சொல்லி ஐபி, மாஸ்க், கேட்வே மூன்றையும் ஒரே வரியில் கொடுத்துவிடலாம். டிஎன்எஸ்ஸுக்குத் தனி வரி. இவற்றை நோட்பேடில் எழுதி கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் ஃபைலாகச் சேமித்தேன். இன்னொரு ஃபைலில் எண்களுக்குப் பதிலாக டிஎச்சிபி, அதாவது ரூட்டரோ சர்வரோ எண்களைத் தானாகத் தரும் முறை. டெஸ்க்டாப்பில் ‘ஆபீஸ்’, ‘வீடு’ என்று இரண்டு ஷார்ட்கட். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால்தான் வேலை செய்யும், அதையும் ஷார்ட்கட்டிலேயே டிக் செய்துவைக்கலாம்.

வீட்டு ஃபைலில் டிஎன்எஸ் வரியைக் கட்டாயம் சேருங்கள். ஐபி தானாக எடுக்கும் நிலைக்குத் திரும்பினாலும், கையால் போட்ட டிஎன்எஸ் எண் அப்படியே உட்கார்ந்திருக்கும். அப்போது வைஃபை நன்றாகத்தான் தெரியும், 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) கூடப் போகும். ஆனால் ஒரு வெப்சைட்டும் திறக்காது. ரூட்டரைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போடுகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

ப்ராக்ஸிக்கு வேறு ஃபைல் வேண்டும். பிரவுசர் பார்க்கும் ப்ராக்ஸி அமைப்பு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக இருக்கிறது. ‘ப்ராக்ஸி எனேபிள்’ என்ற மதிப்பு 1 என்றால் இயங்கும், 0 என்றால் நிற்கும். வேறொரு அட்மின் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்து இதை ஓட்டினால் அந்தக் கணக்கின் ப்ராக்ஸிதான் மாறும், உங்களுடையது மாறாது. அதனால் இந்த ஒரு வரியை மட்டும் தனி ஃபைலில் வைத்துச் சாதாரணமாகவே ஓட்டுங்கள்.

*

என்னைப் போல ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நெட்வொர்க் அமைப்பில் ‘லொக்கேஷன்’ என்ற வசதி இருக்கிறது. ‘ஆபீஸ்’ என்று ஒன்று உருவாக்கி அங்கே வேண்டிய ஐபி, டிஎன்எஸ், ப்ராக்ஸி எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஏற்கெனவே இருப்பதே போதும். இடம் மாறும்போது பெயரைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சேர்ந்து மாறும். டெர்மினலில் எஸ்சிசெலக்ட் (scselect) என்ற கட்டளையோடு இடத்தின் பெயரைக் கொடுத்தாலும் அதே வேலை நடக்கும். எனக்கு அதுதான் வசதி.

ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு லொக்கேஷனும் தன் சேவைகளை (வைஃபை, கேபிள் போன்ற இணைப்புகளை) தனியாக வைத்துக்கொள்கிறது. ஆபீஸ் லொக்கேஷனில் இருக்கும்போது சேர்த்த புது அடாப்டர் வீட்டு லொக்கேஷனில் தெரியாமல் போகலாம். காணாமல் போய்விட்டதே என்று பதற வேண்டாம், அங்கேயும் ஒருமுறை சேர்த்தால் சரி.

*

நான் பயன்படுத்துவது லினக்ஸ். அதில் நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருள் இருந்தால் வைஃபைக்குக் கவலையே இல்லை. ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனி ப்ரொஃபைல். ஆபீஸ் வைஃபைக்கு மட்டும் ஸ்டேட்டிக் ஐபி போட்டுவைத்தால் அங்கே போனதும் அதுவே எடுத்துக்கொள்ளும். கேபிள்தான் சிக்கல். கேபிளுக்குப் பெயர் கிடையாது, எந்த இடத்தில் செருகினோம் என்று கணினிக்குத் தெரியாது. அதற்கு இரண்டு ப்ரொஃபைல் வைத்து, தேவையானதை என்எம்சிஎல்ஐ (nmcli) கட்டளையால் எழுப்புகிறேன். விண்டோஸ் 11-இலும் வைஃபைக்கு ஒவ்வொரு பெயருக்கும் தனி ஐபி கொடுக்க முடிகிறது. பேட்ச் ஃபைல் எழுதும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

*

நான் நெட்வொர்க் பராமரிப்பு வேலையில் இருக்கிறவள். மேலே எல்லோரும் சொன்னது சரியான வழிகள்தான். ஆனால் எனக்கு வேறு ஒரு கருத்து இருக்கிறது. இடம் மாறிக்கொண்டே இருக்கும் லேப்டாப்பில் ஸ்டேட்டிக் ஐபியே இருக்கக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். ஒருநாள் காலையில் ஒரு மாடி முழுக்க யாராலும் பிரின்ட் எடுக்க முடியவில்லை. பிரிண்டர் ஓடுகிறது, கேபிள் சரி, கட்டமைப்பும் சரி. எந்த ஐபி எந்தக் கருவியிடம் என்று காட்டும் ஏஆர்பி பட்டியலை எடுத்துப் பார்த்தால், பிரிண்டரின் ஐபிக்கு நேரே வேறு ஏதோ ஒரு கருவியின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண், ஆப்பிள் மேக் அல்ல). தேடிப் போனால் அது ஒரு லேப்டாப். வீட்டில் கையால் போட்ட எண்ணோடு அப்படியே ஆபீசுக்கு வந்திருந்தது, அந்த எண்ணும் எங்கள் பிரிண்டரின் எண்ணும் ஒன்று. ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கும் எண்ணை எடுத்தால் விண்டோஸ் பெரும்பாலும் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஆனால் அன்று லேப்டாப் வந்தபோது பிரிண்டர் இன்னும் ஆன் செய்யப்படவில்லை. காலியாக இருந்த எண்ணை லேப்டாப் பிடித்துக்கொண்டது. அதைக் கொண்டுவந்தவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எண்ணைக் கையால் போடும் முறை இருக்கும்வரை இது யாருக்கும் நடக்கும்.

உங்கள் ஐபி எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்றால் டிஎச்சிபி ரிசர்வேஷன் கேளுங்கள். லேப்டாப்பின் மேக் முகவரியைக் கொடுத்தால், இந்தக் கருவி வந்தால் இந்த எண் என்று சர்வரிலேயே எழுதிவைத்துவிடுவோம். லேப்டாப் எப்போதும் தானாக எடுக்கும் நிலையிலேயே இருக்கும். வீட்டில் வீட்டு எண், ஆபீசில் ஆபீஸ் எண். வைஃபையில் ‘ராண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்’ என்ற, மேக் முகவரியை மாற்றிக் காட்டும் வசதியை மட்டும் ஆபீஸ் இணைப்புக்கு நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் சர்வரால் உங்களை அடையாளம் காண முடியாது.

ப்ராக்ஸிக்கும் இதே போல வழி உண்டு. பிஏசி ஃபைல் என்பது 1996-லேயே நெட்ஸ்கேப் பிரவுசரோடு வந்தது. இந்த முகவரிக்கு ப்ராக்ஸி வழியாகப் போ, இதற்கு நேராகப் போ என்று பிரவுசருக்குச் சொல்லும் ஒரு சிறிய ஜாவாஸ்கிரிப்ட். ஃபைலை ஆபீஸ் சர்வரில் வைத்தால் வீட்டில் அது கிடைக்காது, பிரவுசர்கள் பொதுவாக நேராகவே போய்விடும்.

ஆபீசில் டிஎச்சிபியே இல்லை என்பவர்களுக்கு விண்டோஸில் ‘ஆல்டர்நேட் கான்ஃபிகரேஷன்’ என்று ஒரு டேப் இருக்கிறது. ஐபியைத் தானாக எடுக்கும் நிலையில் வைத்து, ஆபீஸ் எண்களை அந்த டேப்பில் போடுங்கள். டிஎச்சிபி பதில் வராவிட்டால் அந்த எண்களை எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதையும் போடாவிட்டால்தான் 169.254 என்று தொடங்கும் எண் வந்து நிற்கும்.

அப்புறம், வீட்டிலிருந்து விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணையம் வழியாக இணைக்கும் பாதுகாப்பான பாதை) போடுபவர்களுக்கு. பல வீட்டு ரூட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையில்தான் வருகின்றன. ஆபீசும் அதே வரிசையில் இருந்தால், விபிஎன் இணைந்திருந்தும் ஆபீஸ் சர்வரை லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடும். இதற்கு லேப்டாப்பில் எதையும் மாற்ற வேண்டாம், வீட்டு ரூட்டரின் வரிசையை மாற்றுங்கள். தனிப்பட்ட நெட்வொர்க்குகளுக்காக ஒதுக்கப்பட்டவை 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகியவை. 192.168-க்குள்ளேயே மூன்றாவது இடத்துக்கு 57, 143 என்று அதிகம் புழங்காத எண்ணாகப் பார்த்து எடுங்கள். மாற்றியதும் வீட்டிலுள்ள கருவிகளை ஒருமுறை அணைத்துப் போட்டால் புது எண்ணை எடுத்துக்கொள்ளும். கையால் எண் போட்ட பிரிண்டரோ கேமராவோ வீட்டில் இருந்தால் அதை மட்டும் நீங்களே மாற்ற வேண்டும்.