பொள்ளாச்சி – வால்பாறை (மாநில நெடுஞ்சாலை 78): 40 கொண்டை ஊசி வளைவு, தெரிந்தவர்கள் பகிர்ந்தவை (ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கோட்டூர் ரோடு

பொள்ளாச்சியில் இருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். அங்கலக்குறிச்சி தாண்டி ஆழியாறு வரை தென்னந்தோப்புக்கு நடுவே சமதளம்தான். குழப்பம் வருவது டாப்சிலிப் என்ற ஆனைமலைக் காட்டுப் பகுதி விஷயத்தில். அது சேத்துமடை வழியாகப் போகும் தனி ரோடு, அங்கிருந்து வால்பாறைக்குப் பொது வழி கிடையாது. மேப்பில் பக்கத்தில் தெரிகிறதே என்று அந்தப் பக்கம் போனால், வந்த வழியே இறங்க வேண்டியதுதான்.

சுற்றுலா வண்டிகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் கட்டாயம். சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு போனைத் தடவாமல், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

வளைவுகளுக்கு எண் பலகை உண்டு, கீழிருந்து மேலாக. 9-வது வளைவு லோம்ஸ் வியூ. ரோடு போட்ட லோம் துரையின் பெயர் அது. அங்கிருந்து கீழே முழுசாகத் தெரியும் ஆழியாறு அணை 1962-ல் வந்தது. ரோடு அதைவிட மூத்தது, 1890-களில் ஆனைமலையில் தோட்டம் திறந்த துரைமார்களுக்காக வந்த தடம். மேலே போகப் போக அட்டகட்டி, வாட்டர்ஃபால் எஸ்டேட், கவர்க்கல், அய்யர்பாடி, ரொட்டிக்கடை, பிறகு வால்பாறை. கவர்க்கல்லில், அந்தத் தோட்டத் துரைமார்களில் ஒருவரான கார்வர் மார்ஷுக்குச் சிலை இருக்கிறது. காட்டை வெட்டி மூட்டை சுமந்த சனத்துக்கு அந்த ரோட்டில் ஒரு கல்கூடக் கிடையாது.

மலை டிரைவர்

ஏறுறதைப் பத்தி எல்லாரும் கேக்குறாங்க. ஏறும்போது தப்பு பண்ணுனா வண்டி நிக்கும், அவ்வளவுதானுங்க. இறங்கும்போது பண்ற தப்புதான் ஆளைக் கொல்லும்.

எந்த கியரில் ஏறுனீங்களோ அதே கியரில் இறங்கணும். காருக்குப் பெரும்பாலும் இரண்டாவது கியர், வளைவு ரொம்ப ஒடுங்கினா முதல் கியர். கியரை வளைவுக்கு முன்னாடி நேர் ரோட்டுலயே மாத்திடுங்க. வளைவுக்குள்ள கிளட்ச் மிதிச்சா இன்ஜின் பிடி விட்டுப்போகும், வண்டி தானா வேகம் எடுக்கும்.

பிரேக்கை லேசா மிதிச்சபடியே வராதீங்க. கொஞ்சம் அழுத்தி வேகத்தைக் குறைச்சு, முழுசா விட்டுடுங்க. வேகம் ஏறினதும் மறுபடி ஒரு அழுத்து. விடுற நேரத்துல டிஸ்க்குக்குக் காத்து கிடைக்கும்.

நியூட்ரல்ல இறக்குனா டீசல் மிச்சம்னு இன்னும் சொல்றாங்க. இப்போ வர்ற இன்ஜெக்‌ஷன் வண்டியில கியர்ல போட்டு ஆக்சிலேட்டரை விட்டா எரிபொருளே போகாது. நியூட்ரல்ல வந்தாதான் இன்ஜின் ஓடுறதுக்கு எண்ணெய் செலவு. சாவியைத் திருப்பி இன்ஜினை ஆஃப் பண்ணி இறக்குறது அதைவிட மோசம். பிரேக் பூஸ்டர்ல இருக்குற வேக்யூம் ரெண்டு மூணு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். ஸ்டீரிங்கும் இறுகிடும்.

ஆட்டோமேட்டிக் கார்னா டி-யிலேயே விட்டுடாதீங்க, எல் அல்லது மேனுவல் மோடு. கியர் இல்லாத ஸ்கூட்டர்ல இன்ஜின் பிடி ரொம்பக் குறைவு, மொத்த பாரமும் பிரேக் மேலதான். ரெண்டு பேர் உக்காந்து 40 வளைவை நிக்காம இறங்குறது வேண்டவே வேண்டாமுங்க. நடுவுல ரெண்டு மூணு தடவை நிறுத்திச் சூடு ஆறவிடுங்க.

பிரேக் பட்டறை

மலை டிரைவர் அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேக் போவதில் இரண்டு வகை. முதல் வகையில் பேட் சூடேறிப் பிடி குறையும். பெடல் கெட்டியாக இருக்கும், கருகல் வாசனை வரும், ஆனால் வண்டி நிற்க மறுக்கும். இரண்டாவதில் பிரேக் ஆயில் கொதிக்கும். ஆவி அமுங்கும் என்பதால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும்.

டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தரம். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4 என்றால் 230. இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய பிறகு டாட் 3 குறைந்தபட்சம் 140, டாட் 4 155, அவ்வளவுதான் உத்தரவாதம். ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால், மலைக்குக் கிளம்பும் முன்பு மாற்றிவிடுங்கள்.

வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் டிஸ்க் கோணும், டிரம் விரிசல் விடும். இறக்கத்தில் நிறுத்தும்போது ரிவர்ஸ் கியரில் போட்டு, முன்சக்கரத்தைப் பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, சக்கரத்துக்கு முன்னால் கல் வைக்க வேண்டும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போடுங்கள். நடுரோட்டில் கிடக்கும் கல்லில் அடுத்து வரும் பைக்காரர் விழுவார். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

ரோடு வேலை

வளைவு பற்றி ஒரு விஷயம். மலைச்சாலைக்கான விதிப்படி கொண்டை ஊசி வளைவில் உள்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். வளைவுக்குள் ஏற்றம் 40 மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் கூடாது. இது புதிதாகப் போடும் ரோட்டுக்கு. பழைய தடத்தில் பாறை விட்ட இடம்தான் அகலம், உள்ஓரம் செங்குத்தாகவே இருக்கும்.

இதனால் நடப்பது என்ன? நாம் இடப்பக்கம் போகிறவர்கள். ஏறும் வண்டி இடதுபக்கம் திரும்பும் வளைவில் உள்ஓரம் அதற்கு. நீளமான பஸ் அந்த உள்ஓரத்தைப் பிடித்தால் பின்சக்கரம் சாக்கடையில் இறங்கும். அதனால் அது வலதுபக்கம் அகலமாகப் போய்த்தான் திரும்பும். இறங்கி வருபவர் வளைவின் வாயில் மூக்கை நீட்டி நின்றால் இருவருக்கும் வழி இல்லை. இரண்டு கார் நீளம் மேலேயே நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்கு முன்னுரிமை என்பது மரியாதை மட்டுமல்ல, சட்டமும் அதுதான்.

இந்த ரோட்டைக் கெடுப்பது லாரியைவிடத் தண்ணீர். மலைப்பக்க ஓரக்கால்வாயில் இலையும் சேறும் அடைத்தால் மழைநீர் தார் மேல் ஓடி எதிர்ப்பக்க விளிம்பை அரிக்கும். தடுப்புச்சுவரில் வரிசையாக இருக்கும் ஓட்டைகள் சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வடிவதற்கு. அது அடைத்தால் மண்ணோடு நீரின் பாரமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். கனமழையில் அந்த ஓட்டைகள் காய்ந்து கிடந்து, சுவர் வயிறு தள்ளியிருந்தால் அதை ஒட்டி வண்டியை நிறுத்தாதீர்கள். தார் விளிம்புக்கு இணையாக நீளவாக்கில் விரிசல் தெரிந்தாலும் அப்படியே.

புதுத்தோட்டம்

விலங்குகள் பற்றி யாரும் எழுதவில்லை. கீழ் வளைவுகளில் தடுப்புச்சுவர் மேலேயே வரையாடு நிற்கும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு ரோட்டைக் கடக்கும், மரத்துக்கு மரம் அவற்றுக்காகத் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். தின்பண்டம் போட்டால் பாலத்தை விட்டு ரோட்டுக்கு இறங்கும், டயரில் மாட்டும். போடாதீர்கள்.

வால்பாறை சுற்றுவட்டாரத்தில் கம்பங்களில் சிவப்பு விளக்கு பார்த்தால் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். என்.சி.எஃப் (நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்) ஆராய்ச்சியாளர்கள் வனத்துறையோடும் ஊர்க்காரர்களோடும் சேர்ந்து வைத்த யானை எச்சரிக்கை அது, செல்போனில் இருந்தே எரியவிடுவார்கள். எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். யானை ரோட்டில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், ஹைபீம் வேண்டாம், இறங்கிப் படம் எடுக்கவும் வேண்டாம். நம் வண்டி பின்னால் போக இடம் விட்டே நிற்க வேண்டும்.

பனியிலும் ஹைபீம் உதவாது. வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். லோபீம் போட்டு இடது வெள்ளைக்கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் போட்டால் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

கோட்டூர் ரோடு

வந்த வழியே இறங்காமல் மளுக்குப்பாறை வழியாகச் சாலக்குடிக்குப் போகிறவர்களுக்கு: எல்லை தாண்டினால் அது கேரளத்தின் மாநில நெடுஞ்சாலை 21. வாழச்சால் வரை அடர்காடு, இரவில் விடமாட்டார்கள். சாவடியில் நுழைந்த நேரத்தை எழுதிச் சீட்டு தருவார்கள், பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணுவார்கள். அடுத்த சாவடியில் நேரமும் எண்ணிக்கையும் ஒத்துவர வேண்டும். நடுவில் பங்க் கிடையாது, பெட்ரோலை வால்பாறையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.