மறு: டிட்டர்மினருக்கு ‘வரையடை’ சரிவருமா?

(டிட்டர்மினர் என்பது திஸ், மெனி, மை போலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் ஆங்கிலச் சொல். அதற்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.)

> ‘தீர்மானிப்பான்’ என்றே போடலாமே, நேரடியாக இருக்கிறது.

நேரடியாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் ‘நாளைக்கு அப்பா தீர்மானிப்பார், அண்ணன் தீர்மானிப்பான்’ என்ற வினைமுற்று போலல்லவா காதில் விழுகிறது?

இந்தச் சொல் எனக்கு ஏன் அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்த் தெம்பனிஸில் நான் நடத்தும் துணைப்பாட வகுப்பில் தொடக்கநிலை 5 பிள்ளை ஒருத்தி ‘திஸ் புக்ஸ்’ என்று எழுதியிருந்தாள். கவனக்குறைவு இல்லை, வீட்டுத் தமிழ்தான் காரணம். நம் ‘இந்த’வுக்கு ஒருமை பன்மைக் கவலையே கிடையாது. இந்தப் புத்தகம், இந்தப் புத்தகங்கள், இரண்டும் சரி. ஆங்கிலத்தில் பன்மை வந்தால் ‘திஸ்’ ‘தீஸ்’ ஆக வேண்டும்.

எண் வந்தால் இன்னும் வம்பு. தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டுப் பத்து வெள்ளி (டாலர்) கொடுக்கிறோம். ‘பத்து வெள்ளிகள்’ என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? ‘பத்து’ என்றாலே பன்மை வந்துவிட்டது, ‘கள்’ எதற்கு? மலாயிலும் இதே கதை: புத்தகம் ‘பூக்கு’ என்றால், நிறையப் புத்தகம் ‘பாஞாக் பூக்கு’. சீனத்திலும் எண்ணுக்குப் பின் பெயர் உருமாறாது. அப்புறம் வகுப்பே சேர்ந்து ‘டூ புக்’ என்று எழுதாமல் என்ன செய்யும்! மரம் வளர்ந்தது, மரம் வளர்ந்தன என்று இரண்டுக்கும் பொதுவாக நிற்பதை நன்னூல் ‘பால்பகா அஃறிணை’ என்கிறதே, அந்தப் பழக்கம்தான் பிள்ளைகளின் நாக்கில் இருக்கிறது.

> ‘சுட்டுச்சொல்’ போதாதா?

போதாது. திஸ், தட் அதில் அடங்கும். ஈச், எவ்ரி, மெனி, மச், மை எல்லாம் எங்கே போகும்? பெயருக்கு முன்னால் நின்று ‘எது, எத்தனை, யாருடையது’ என்று வரம்பு கட்டுவதுதான் இவற்றின் பொது வேலை. வரைதல் என்றால் வரம்பு கட்டுதல். பெயரடை, வினையடை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். வரிசையில் வரையடையும் உட்கார்ந்துகொள்ளும். சுட்டு வரையடை, அளவு வரையடை, உடைமை வரையடை என்று பிரிக்கவும் வசதி.

பாடு முழுக்க அளவு வரையடையில்தான். மெனி, ஃபியூ பன்மைக்கு. மச் தண்ணீர், சோறு போல எண்ண முடியாதவற்றுக்கு. எவ்ரிக்கு ஒருமை, நம் ‘ஒவ்வொரு’ மாதிரியே. (‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்று பெரியவர்களே அறிவிப்பு ஒட்டுகிறார்கள், அதை யாரிடம் முறையிடுவது?) ‘ஈச் ஆஃப் த’ வந்தால் மட்டும் பெயர் பன்மை, வினை ஒருமை. அந்த இடத்தில் பெரிய பிள்ளைகளும் சறுக்குகிறார்கள்.

> வரையடை என்றதும் வரையாடு ஞாபகம் வருகிறது!

வரட்டும் அக்கா. அந்த ‘வரை’ மலை. ஆட்டோடு சேர்த்தாவது சொல் மனத்தில் நிற்குமே.

ஆங்கில ‘எ’, ‘த’ (a, the) இரண்டுக்கும் தனிப் பெயர் வேண்டுமா, வரையடைக்குள்ளேயே விடலாமா? என் மனம் உள்ளே விடத்தான் சொல்கிறது. மறுப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.