கொலுசுப் படத் தேடல்: எடையைச் சேர்த்தால் பாதி முடிவு வருவதில்லை

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
மாமாவின் கொலுசுப் பட்டறைக்கு ஒரு தேடல் செய்து கொடுத்திருக்கிறேன். வெளியூர்க் கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி "இதே டிசைன் இருக்கா" என்று கேட்பார்கள், ஒவ்வொரு தடவையும் ஆல்பத்தைப் புரட்டியே பொழுது போய்விடும். இப்போது 60,000 படங்கள், படத்துக்கு 768 எண்கள் கொண்ட வெக்டர் (படத்தின் சாயலைக் குறிக்கும் எண் வரிசை), எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வெக்டர் தேடலுக்கான பிஜிவெக்டர் நீட்சியைப் போட்டு, நெருக்கமானவற்றைத் தோராயமாக, வேகமாகத் தேடும் ஹெச்என்எஸ்டபிள்யூ இண்டெக்ஸும் கட்டியாச்சு. படம் மட்டும் கொடுத்தால் கேட்ட பத்தும் வருகிறது. "எடை 40 முதல் 50 கிராம்" என்று நிபந்தனை சேர்த்தால் இரண்டுதான், சில நேரம் ஒன்றுமே இல்லை. அந்த எடையில் 3,000 ஜோடி இருக்கிறது. தனி வெக்டர் டேட்டாபேஸுக்குப் போய்விடலாமா?

அஸ்தம்பட்டி_டேட்டா:
போக வேண்டாம் தம்பி. இண்டெக்ஸ் முதலில் நெருக்கமான படங்களை எடுக்கும், எடையை அதற்கப்புறம்தான் பார்க்கும். எத்தனை எடுக்கும் என்பதை இஎஃப் சர்ச் என்ற அமைப்பு முடிவு செய்கிறது, சும்மா விட்டால் 40. உங்கள் 3,000 என்பது மொத்தத்தில் 5 சதவீதம், 40-இல் 5 சதவீதம் சராசரியாக 2. நீங்கள் பார்த்ததும் அதுதானே!
உங்கள் அளவுக்கு அந்த இண்டெக்ஸே தேவையில்லை என்பேன். வெக்டர் ஒன்றுக்கு 3,080 பைட், 60,000-க்கும் சேர்த்து 185 எம்பி கூட வராது. எடைக்குச் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் (மதிப்புகளை அடுக்கி வைத்துத் தேடுவது) போடுங்கள், அது அந்த 3,000 ஜோடியின் வரிசைகளைப் பிரித்துக் கொடுக்கும், கேட்ட படத்தின் வெக்டரிலிருந்து அவற்றின் தூரத்தை மட்டும் கணக்கிட்டால் போதும். விடை தோராயமாக இல்லாமல் துல்லியமாகவே வரும்.

மலைக்காப்பி:
ஏற்காட்டில் காப்பி இலை நோய்ப் படங்களுக்கு நானும் இதே சிக்கலில் தலையைப் பிய்த்துக்கொண்டேன். எங்களிடம் படம் மிக அதிகம், இண்டெக்ஸை விட முடியாது. பிஜிவெக்டர் 0.8 பதிப்பில் இட்டரேட்டிவ் ஸ்கேன் என்ற வசதி வந்திருக்கிறது, போதிய வரிசை கிடைக்கும்வரை அதுவே மேலும் தேடிக்கொண்டு போகும். ஆனால் 20,000 வரிசை பார்த்ததும் நின்றுவிடும், அந்த வரம்பை நாமேதான் உயர்த்த வேண்டும். எது செய்தாலும் சரி, ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் இண்டெக்ஸ் ஸ்கேனை அணைத்து (அப்போது தோராயமில்லாத துல்லியமான விடை வரும்) அதே கேள்வியை ஓட்டி, இரண்டு விடையையும் ஒப்பிடுங்கள். நாங்கள் அதை இரண்டு மாதம் செய்யாமல் விட்டோம், அதுவரை தவறவிட்ட படங்கள் யார் கண்ணிலும் படவே இல்லை.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். ஹெச்என்எஸ்டபிள்யூவை எடுத்துவிட்டு எடைக்கு இண்டெக்ஸ் போட்டேன், பத்தும் வருகிறது, காத்திருப்பதே தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும்போது இன்னொன்றும் கிடைத்தது: பழைய பதிவுகளில் சிலவற்றில் ஜோடி எடைக்குப் பதில் ஒற்றைக் கொலுசின் எடை இருக்கிறது. அவற்றை மாமாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.