காரணம் எழுதாமல் ஒரு நெகட்டிவ்: வழி சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. ஈபேயில பனையோலைச் சாமான் விற்கிற ஆக்கள் இருந்தால் ஒருக்கா பாருங்கோ.

யாழ்ப்பாணத்திலயிருந்து கனடாவுக்குப் போன மூடிப்பெட்டி ஒண்டுக்கு வாங்கினவர் நெகட்டிவ் (கூடாத பின்னூட்டம்) போட்டிருக்கிறார். கருத்து எழுதிற இடத்தில வெறும் ஒரு புள்ளி. மெசேஜும் இல்லை, திருப்பி அனுப்பவும் கேட்கேல்லை.

பின்னூட்டத்தை மாத்தச் சொல்லிக் கோரிக்கை அனுப்ப 30 நாள்தான் இருக்கு. ஒரு விற்பனைக்கு ஒரு தரம்தான் கேக்கலாம். கோரிக்கைக்கு வாங்கினவர் பதில் சொல்ல 10 நாள் இருக்கு. அதால அந்த ஒரு கோரிக்கையை அவசரப்பட்டு வீணாக்காமல், முதல்ல "பெட்டி எந்த நிலையில வந்தது, ஒரு படம் அனுப்புவீங்களோ" எண்டு மட்டும் கேக்க யோசினை. நெகட்டிவை எடுத்தால் காசு தாறன் எண்டு எழுதிறது விதிமீறல், அந்த ஐடியா வேண்டாம். பழிக்குப் பழியும் சரிவராது. 2008இலயிருந்து விற்கிறவர் வாங்கினவருக்கு நெகட்டிவ் போட ஏலாது.

என்ர சந்தேகம் பூஞ்சணத்தில. வடிவாக் காயாத ஓலையைப் பொலித்தீனில இறுக்கி ஒட்டினால் உள்ளுக்கை வேர்த்து, மூடியின்ர உள்விளிம்பிலயும் பின்னல் மடிப்பிலயும் கறுப்புப் புள்ளி வரும். வெளியால பார்த்தால் தெரியாது. சாயம் போட்ட ஓலை எண்டால் இன்னும் மோசம், சிவப்பு பக்கத்து வெள்ளை ஓலையில ஊறிடும்.

கேக்கிறது இதுதான்: அவர் பதில் போடாட்டி எத்தினை நாள் பாத்திட்டுக் கோரிக்கை அனுப்பிறது நல்லம்? அதுக்கு முதல் நெகட்டிவுக்குக் கீழ எல்லாரும் பாக்கிற மாதிரிப் பதில் எழுதினால் ஆள் கோவிப்பாரோ? பொலித்தீனுக்கு உள்ள பேப்பர் சுத்தி, ஈரம் உறிஞ்சிற சிலிக்கா ஜெல் போட்டு அனுப்பிறவை, ஒரு பெட்டிக்கு எத்தினை பைக்கற் வைக்கிறீங்கள்?