வீட்டில் இடி மாதிரி கேட்கும் கிட்டார், ட்ரம்ஸ் ஆரம்பித்ததும் எங்கே போகிறது?

ஆறாம்தந்தி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மூணு பேர் சேர்ந்து வாசிக்கிறோம். நான் கிட்டார், ஒருத்தன் பேஸ் கிட்டார், ஒருத்தன் ட்ரம்ஸ். பிளாக் சபாத்ங்கிற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவோட முதல் மூணு ஆல்பத்துல இருந்து எட்டுப் பாட்டு எடுத்துப் பழகிட்டு இருக்கோம்.

என்கிட்ட இருக்கிறது ஹம்பக்கர் (தந்தி அதிர்வைப் பிடிக்கிற ரெட்டைச் சுருள் பிக்கப்) போட்ட எஸ்ஜி மாடல் கிட்டார், 40 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப், ஒரு மெட்டல் டிஸ்டார்ஷன் பெடல். ராத்திரி வீட்டுல சின்ன வால்யூம்ல வாசிச்சா அருமையா இருக்கு. பெடல்ல கெயின் (சத்தத்தை உடைக்கிற அளவு) முழுசு, பேஸ் (அடிச்சத்தம்) முழுசு, மிட் (நடுச்சத்தம்) பூஜ்யம், ட்ரெபிள் (மேல்சத்தம்) முக்கால். ஒரு பவர் கார்டு அடிச்சா ஜன்னல் கம்பி அதிருது.

பிராக்டிஸ் அறைக்குப் போனா எல்லாம் போச்சு. ட்ரம்ஸ் ஆரம்பிச்ச நொடியில கிட்டாரைக் காணோம். வால்யூம் ஏத்தினா ஃபீட்பேக்தான் ஏறுது, ஸ்வரம் ஏறல. "நீ எந்த ஃப்ரெட்ல இருக்கேன்னு உன் கையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன்"னு பேஸ் வாசிக்கிறவன் சொல்றான். அவன் சொல்றது சரிதான்.

இதைவிடக் கெயின் அதிகமா இருக்கிற பெடல் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். வாங்கலாமா? இல்ல ஆம்பையே மாத்தணுமா?

கடப்பாரை:

மிட்டைப் பூஜ்யத்துல வச்சா எந்த ஆம்ப் வாங்கினாலும் இதே கதிதான். கிட்டாரோட உயிரே மிட்லதான் இருக்கு. தனியா கேட்கிறப்போ அசிங்கமா தோணும், கூட்டத்துல அதுதான் நிக்கும்.

பழையவால்வு:

தம்பி, பெடல் வாங்காதீங்க. ஆம்பும் இருக்கட்டும்.

நான் வால்வு ஆம்ப் பழுது பார்க்கிறவன். சபாத் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமியோட அந்த முதல் ஆல்பத்துச் சத்தத்துக்குப் பின்னால ரொம்ப வருஷம் அலைஞ்சிருக்கேன். அதனால நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த ஆல்பத்தை ஹெட்ஃபோன் போட்டு மறுபடி கேளுங்க. நீங்க நினைக்கிற அளவுக்கு அதுல கெயினே கிடையாது. டைட்டில் பாட்டோட ரிஃப் மூணே ஸ்வரம்: ஜி, அதுக்கு மேல ஒரு ஆக்டேவ் தள்ளி ஜி, அப்புறம் சி ஷார்ப். மூணும் கோயில் மணி மாதிரி தனித்தனியா நிக்குது. கடைசி ஸ்வரத்துல விரல் தட்டித் தட்டி எடுக்கிறதுகூடத் தெளிவா கேட்குது. உங்க செட்டிங்ல அந்த விரல் கேட்குமான்னு நீங்களே வாசிச்சுப் பாருங்க.

அதைப் பதிவு பண்ணினது 1969 அக்டோபர்ல, லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோவுல, ஒரே நாள்ல. ஐயோமி ஸ்ட்ராட்டோகாஸ்டரோடதான் ஆரம்பிச்சார். நடுவுல அதோட பிக்கப் செத்துப்போக, மாத்துக்கு வச்சிருந்த கிப்சன் எஸ்ஜியைக் கையில எடுத்தார். அதுல இருந்ததும் ஹம்பக்கர் இல்ல, பி-90 வகை ஒற்றைச் சுருள் பிக்கப். ஆம்ப், லேனி எல்ஏ100பிஎல். 1967ல லிண்டன் லேனி ஆரம்பிச்ச கம்பெனி அது, சபாத்தோட ஊரான பர்மிங்காம்லயே. 100 வாட், இஎல்34 வால்வு. கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவுல ஒரே ஒரு சின்னப் பெட்டி: டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர்.

இந்தப் பெட்டியைப் பத்தித்தான் உங்களுக்குச் சொல்லணும். அது காலால மிதிக்கிற பெடல்கூட இல்ல. ஆம்ப் தலைமேல உட்கார்ற தகரப் பெட்டி. ஒரு சுவிட்ச், ஒரு குமிழ், உள்ள ஓசி44 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ஒண்ணு, 9 வோல்ட் பேட்டரி. வகையைச் சொன்னா ட்ரெபிள் பூஸ்டர். நல்லா யோசிங்க: ராக் இசையில அதுவரைக்கும் யாரும் கேட்காத கனமான சத்தத்தை உண்டாக்கினவர் ஆம்புக்கு முன்னாடி வச்சது பேஸைக் குறைக்கிற பெட்டி.

முதல் தடவை அந்தச் சர்க்யூட்டை வரைஞ்சு பார்த்தப்போ எனக்கே நம்பிக்கை வரல. உள்ளே நுழையற இடத்துல 5 நானோஃபாரட் கெப்பாசிட்டர். அதுக்கு அடுத்து வர்ற தடையோட சேர்த்துக் கணக்குப் போட்டா, ஏறக்குறைய 2,600 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாமே படிப்படியா இறங்குது. ஆறாம் தந்தியோட அடிநாதம் 82 ஹெர்ட்ஸ். அப்போ அது எவ்வளவு மெலிஞ்சு உள்ள போகும்னு பாருங்க.

ஏன் அப்படி? கிட்டார் தந்தியில சக்தி அதிகமா இருக்கிறது அடிநாதத்துலதான். அதை அப்படியே வால்வுக்குள்ள (இல்ல பெடலுக்குள்ள) தள்ளினா, இருக்கிற இடத்தையெல்லாம் அதுவே அடைச்சுக்கும். முதல்ல உடையறதும் அதுதான். உடைஞ்ச பேஸ் சேறு மாதிரி. மேல வர்ற ஸ்வரத்தையெல்லாம் அப்பிடும். முன்னாடியே பேஸைக் கழிச்சிட்டு மிச்சத்தை ஓங்கித் தள்ளினா, நடுவும் மேலும் சீராக் கிழியும், ஸ்வரம் முழுசா வெளிய வரும். அடிப்பாகத்தை அப்புறம் நாலு 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட கேபினட் குடுக்கும். அதுக்கும் கீழ கீஸர் பட்லரோட பேஸ் கிட்டார் இருக்கு. அவர் பல இடத்துல ரிஃப்பை அப்படியே கூடவே வாசிக்கிறார். நாம "ஐயோமி டோன்"னு சொல்றதுல பாதி பட்லர். உங்க நண்பருக்கும் இதைக் காட்டுங்க.

ஆக பேஸை வெட்டறது உடையறதுக்கு முன்னாடி, நிரப்பறது உடைஞ்ச பின்னாடி. உங்க பெடல்ல நேர்மாறா நடக்குது.

கையைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஐயோமி இடது கைக்காரர், ஃப்ரெட்ல வைக்கிறது வலது கை. 17 வயசுல தகடு வெட்டற ஆலையில, வேலையை விட்டுப் போற கடைசி நாள் அன்னிக்கு, அந்த வலது கையில நடுவிரல், மோதிர விரல் நுனி ரெண்டும் போச்சு. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரல் உறை செஞ்சு, மேல தோல் ஒட்டி வாசிச்சார். கனத்த தந்தியை அமுக்க முடியாதுன்னு மெல்லிய தந்தி தேடினார். அப்போ அந்த மாதிரி செட் கடையில கிடைக்காததால பாஞ்சோ தந்தியை எடுத்துப் போட்டார். 1971ல மூணாவது ஆல்பத்துல பல பாட்டுக்கு ட்யூனிங்கையே ஒன்றரை டோன் இறக்கி சி ஷார்ப்புக்குக் கொண்டுபோனார். தந்தி இன்னும் தளர்ந்தது. முதல் ரெண்டு ஆல்பமும் பெரும்பாலும் சாதாரண ட்யூனிங்தான், அதனால முதல் ஆல்பத்துப் பாட்டுக்குத் தந்தியை இறக்காதீங்க. இதை நான் எழுதக் காரணம், தடிமனான தந்தி போட்டாத்தான் கனம் வரும்னு நிறையப் பேர் விரலைப் புண்ணாக்கிக்கறாங்க. எனக்கு அதைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு.

இப்போ உங்க வேலை. கெயின் 4, பேஸ் 3, மிட் 7, ட்ரெபிள் 6. கிட்டார் வால்யூமை 7ல வைங்க, ஹம்பக்கர் கொஞ்சம் இளைக்கும். வீட்டுல இதைக் கேட்டு ஏமாந்துடாதீங்க, சப்புனுதான் இருக்கும். ட்ரம்ஸோட வாசிச்சிட்டு வந்து சொல்லுங்க.

கடப்பாரை:

அண்ணே, நீங்க சொல்றது சபாத்துக்குச் சரி. ஆனா ஸ்டாக்ஹோம் டெத் மெட்டல்? 1990ல வந்த முதல் ஆல்பத்தை எண்டூம்ப்ட் குழு சன்லைட் ஸ்டூடியோவுல பண்ணினப்போ பாஸ் எச்எம்-2 பெடல்ல நாலு குமிழையும் முழுசா திருப்பி வச்சாங்க. லெவல், லோ, ஹை, டிஸ்டார்ஷன், எல்லாமே முழுசு. அது காணாம போகலையே? ரம்பம் மாதிரி அறுக்குதே!

பழையவால்வு:

நல்ல கேள்வி. நானும் அந்தப் பெடலைத் திறந்து பார்த்திருக்கேன். அதுல "ஹை"னு எழுதியிருக்கிற குமிழ் உண்மையில தூக்கறது 1,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை. அது ட்ரெபிள் இல்ல, மிட். முழுசா திருப்பினா அங்க ஒரு மலையே எழும்பும். நீங்க ரம்பம்னு சொல்றது அதைத்தான். மிட்டை அள்ளிக் கொட்டினதாலதான் அவங்க கிட்டார் ட்ரம்ஸைக் கிழிச்சுட்டு வெளிய வந்தது.

பின்னால வந்த மெட்டல்காரங்க ட்யூப் ஸ்க்ரீமர்ங்கிற ஓவர்டிரைவ் பெடலை வச்சதும் இதே காரணத்துக்குத்தான். டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு, அதை ஏற்கெனவே உடையற ஆம்புக்கு முன்னாடி வைப்பாங்க. அது 720 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கி, கீழ இருக்கிறதைக் கழிச்சு அனுப்பும். ரேஞ்ச்மாஸ்டர் செய்யறதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி.

ஆறாம்தந்தி:

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸ் முடிச்சிட்டு எழுதறேன். நீங்க சொன்ன எண்ணுலதான் ஆரம்பிச்சேன், கடைசியில கெயின் 3க்கே வந்துட்டேன். ட்ரம்ஸ்காரன் முதல் பாட்டு முடிஞ்சதும் "ஆம்ப் மாத்திட்டியா?"ன்னு கேட்டான். ஆம்ப் வால்யூம் போன வாரத்தைவிடக் கம்மி. பேஸ் வாசிக்கிறவன் என் கையைப் பார்க்காம கண்ணை மூடிட்டு வாசிச்சான். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

ஒரு குறை: கெயின் குறைச்சதும் என் கை தப்பு எல்லாம் வெளிய தெரியுது. அதைப் பழகிக்கறேன்.

இப்போ ரேஞ்ச்மாஸ்டர் நானே செய்யணும்னு ஆசை. சால்டரிங் ஓரளவு வரும். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு அது ஒத்து வருமா? எதைக் கவனிக்கணும்?

பழையவால்வு:

செய்யுங்க, நாலஞ்சு தடை, மூணு கெப்பாசிட்டர், ஒரு டிரான்சிஸ்டர், அவ்வளவுதான். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு நேரா குடுத்தா காதைக் குத்தும். பூஸ்டருக்கு அடுத்து மிதமான ஓவர்டிரைவ் பெடல் ஒண்ணைக் கெயின் குறைச்சு வைங்க, அது லேனியோட இடத்தைப் பிடிக்கும். அதுக்கப்புறம் ஆம்ப், க்ளீன் சேனல்ல.

ஓசி44 வாங்கறப்போ ஜாக்கிரதை. நான் ஆன்லைன்ல வாங்கின பத்துல ஆறு, பேரை அழிச்சு மேல அச்சடிச்ச வேற டிரான்சிஸ்டர். கசிவு (டிரான்சிஸ்டர்ல தானா ஒழுகற மின்னோட்டம்) அளந்து பார்த்துத்தான் போடணும். நேரா சால்டர் பண்ணாதீங்க, சாக்கெட் வைங்க. கலெக்டர்ல மைனஸ் 7 வோல்ட் பக்கம் வந்தா சத்தம் சரியா இருக்கும்.

அது பிஎன்பி வகை, கிரவுண்டோட சேர்றது பேட்டரியோட பிளஸ். மத்த பெடல்களோட ஒரே அடாப்டர்ல மாட்டினா ஷார்ட் ஆயிடும். தனி பேட்டரிதான். வரிசையில கிட்டாருக்கு அடுத்து இதுதான் முதல்ல வரணும், முன்னாடி எந்தப் பெடலும் கூடாது. ட்யூனர் பெடலைக்கூடப் பின்னாடி தள்ளுங்க.

இன்னொண்ணு, நம்ம ஊர் வெயில். 8, 10 டிகிரி ஏறினா ஜெர்மேனியத்துல கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ராத்திரி மொட்டை மாடியில நான் ட்யூன் பண்ணி வச்சது மே மாச மதியத்துல இருமிட்டுக் கிடந்தது. நீங்க எந்த அறையில, எந்த நேரத்துல வாசிப்பீங்களோ அங்கேயே மல்டிமீட்டரை வச்சு பயாஸ் பண்ணுங்க (அந்த மைனஸ் 7 வோல்ட் வர்ற மாதிரி சரிபண்றது). சர்க்யூட்ல இருக்கிற 68 கிலோ ஓம் தடைக்குப் பதிலா 100 கிலோ ட்ரிம் பாட் (திருப்பி மாத்தற குட்டித் தடை) போட்டுட்டா, சீசனுக்கு ஒரு தடவை ஸ்க்ரூடிரைவர்ல திருப்பிக்கலாம். சர்க்யூட் படம் கையால வரைஞ்சு நாளைக்கு இங்கேயே போடறேன்.